பிறகு என்று அழுத்தாதே!

“சிஸ்டத்துல வைரஸ் பூந்துடுச்சுண்ணே, என்னன்னு பாருங்க.”

கச்சிராயபாளையம் கடைத்தெருவிலோ, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தைச் சுற்றியோ, கணினி பழுதுபார்க்கும் கடை வாசலில் சற்று நேரம் நின்றால் போதும், இந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும். பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். “பார்மட் அடிச்சிடலாம் தம்பி, சாயங்காலம் வா.” சாயங்காலம் பெட்டி சுத்தமாகத் திரும்பி வரும். அக்கா கல்யாணப் படங்களும் சுத்தமாகப் போயிருக்கும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கென்று வருடக்கணக்கில் சேர்த்த குறிப்புகளும் போயிருக்கும். வந்த பெட்டியில் மறுபடி கிராக் செய்த விண்டோஸ், அணைத்துவைத்த அப்டேட். கொஞ்ச நாளில் மறுபடி அதே கடை, அதே வாக்கியம்.

எனக்கு அந்தக் கடைக்காரர்மேல் கோபம் இல்லை. அது அவர் பிழைப்பு. என் கோபமெல்லாம் உன்மேல்தான், தம்பி! மழை கொட்டும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வெள்ளிமலைக்கு வண்டி ஏற்றத் தெரிந்த கை உன் கை. விடிவதற்குள் கரும்பு லோடு ஏற்றிச் சர்க்கரை ஆலை வாசலில் வரிசை பிடிக்கத் தெரிந்த கை. அந்தக் கை, திரையின் மூலையில் ‘அப்டேட் தயாராக இருக்கிறது’ என்று வரும்போது மட்டும் ஏன் நடுங்குகிறது? ‘பிறகு நினைவூட்டு’ என்று ஏன் அழுத்துகிறாய்? “அப்டேட் போட்டா சிஸ்டம் ஸ்லோ ஆயிடும்னு சொன்னாங்க.” யார் சொன்னார்கள்? “நமக்கெதுக்கு இதெல்லாம், நாம என்ன பேங்கா வச்சிருக்கோம்?” இதுதான் உன்னைக் கவிழ்க்கும் எண்ணம். இணையத்தில் அலையும் வைரஸுக்கு உன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, உன் வங்கி இருப்பும் தெரியாது. பூட்டாத கதவு எது என்று முகவரி முகவரியாகத் தட்டிப் பார்ப்பது ஒரு நிரல். சென்னையில் தட்டுவதும் வடக்கனந்தலில் தட்டுவதும் அதற்கு ஒரே வேலை.

உன் ஊருக்கு மேலே நிற்கிற மலையைப் பார். கல்வராயன் மலை மக்கள் 1976-ல் அரசு அந்த நிலத்தைத் தன் பொறுப்பில் எடுக்கும்வரை ஜாகீர்தார்களின் கீழ் வாழ்ந்தவர்கள். வரியும் கொடுத்தார்கள், கூலியில்லாத வெட்டி உழைப்பும் கொடுத்தார்கள். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று மடிக்கணினி திறந்து சாதிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் போடுகிறார்கள். இப்போது முகம் தெரியாத ஒருவன் எங்கிருந்தோ வந்து உன் கோப்புகளைப் பூட்டிவிட்டு, ‘பணம் கட்டு, சாவி தருகிறேன்’ என்கிறான். ஒரு கப்பத்திலிருந்து மீண்ட மண்ணில் நின்றுகொண்டு இன்னொரு கப்பத்துக்குத் தலை ஆட்டுவாயா?

‘எனக்கு என்ன தெரியும், நான் சின்ன ஊர்க்காரன்’ என்று மட்டும் சொல்லாதே. இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் இல்ஃப்ராகூம் என்று ஒரு ஊர் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் சிற்றூர். 2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்னும் வைரஸ் உலகைப் பிடித்து உலுக்கத் தொடங்கிய நாள். கணினியில் உள்ள எல்லாவற்றையும் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. சுமார் 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின, ஆம்புலன்ஸ்கள் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. நம் பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சில மாட்டின. திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவற்றையும் அது விட்டுவைக்கவில்லை. ஏழுமலையான் அலுவலகத்துக்கே அந்த நிலை என்றால் உன் வீட்டு மேசைக்கு என்ன விலக்கு?

அன்று இல்ஃப்ராகூமில் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்திருந்த 22 வயது இளைஞர் மார்கஸ் ஹட்சின்ஸ். கல்லூரிப் பட்டம் இல்லை, எல்லாம் தானாகக் கற்றது. அந்த வாரம் அவருக்கு விடுமுறை வேறு. மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் உலகமே அலறுகிறது. வைரஸின் ஒரு பிரதியை நண்பரிடம் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அது எந்தக் கணினியைப் பூட்டுவதற்கு முன்னும் அர்த்தமில்லாத எழுத்துகளாலான ஒரு நீண்ட இணைய முகவரியைத் தொட்டுப் பார்க்கிறது என்று கண்டார். அந்த முகவரி யார் பெயரிலும் பதிவாகவில்லை. சுமார் 11 டாலர் கட்டித் தன் பெயரில் பதிந்தார். அவ்வளவுதான். அந்த முகவரியிலிருந்து பதில் கிடைத்ததும் வைரஸ் தானாக அடங்கியது. நிறுத்தும் விசையைத்தான் தொட்டிருக்கிறோம் என்பது அவருக்கே பிறகுதான் புரிந்தது.

இந்தக் கதைக்குப் பின்னால் இன்னொரு கதையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இதே ஹட்சின்ஸ் பதின்வயதில் வங்கிக் கணக்குகளைச் சூறையாடும் ஒரு தீநிரலை எழுதியவர். உலகத்தைக் காப்பாற்றிய மூன்றே மாதத்தில், 2017 ஆகஸ்டில், லாஸ் வேகாஸில் கைது செய்யப்பட்டார். 2019-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி அவரது நற்பணியையும் கருத்தில் கொண்டு மேலும் சிறைவாசம் இல்லாமல் விடுவித்தார். உனக்கு அந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பி விளையாட்டுக்குக்கூட அடுத்தவர் கணினிக்குள் கை வைக்காதே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. நம் ஊர்ப் பையன்கள் சிலருக்கு ‘ஹேக்கிங் கத்துக்கணும்’ என்ற ஆசை வரும்போது அது முதலில் போய் நிற்பது அடுத்த வீட்டு வைஃபை வாசலில். அதனால் சொன்னேன்.

சரி, வான்னாக்ரைக்கு வருவோம். இதில் நெஞ்சைச் சுடும் உண்மை என்ன தெரியுமா? அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே அடைத்துவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12 அன்று. இடையில் எட்டு வாரத்துக்கும் மேல்! அந்த எட்டு வாரத்தில் அப்டேட் போட்ட கணினிக்குள் அந்த வழியாக வைரஸ் நுழைந்திருக்க முடியாது. மாட்டிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவை, போட வேண்டிய அப்டேட்டைப் போடாத விண்டோஸ் 7. அவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. ‘பிறகு’ என்று அழுத்தியவர்கள், அல்லது அவர்களுக்காக வேறு யாரோ ‘பிறகு’ என்று அழுத்தியிருப்பார்கள். இல்ஃப்ராகூம் இளைஞர் செய்ததைச் செய்ய அபாரத் திறமை வேண்டும். அவர் தேவைப்படாமலே தப்பிக்க உனக்கு ஒரு விரல் போதும்.

அப்டேட் ஏன் அன்றைக்கே போட வேண்டும் என்று யாரும் உனக்குச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். கேள். மைக்ரோசாஃப்ட் 2003-லிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஓட்டைகளை அடைக்கும் தொகுப்பை வெளியிடுகிறது. நமக்கு அது இரவு பத்தரை, பதினொன்றரை மணி. அந்த நிமிடம் முதல் இரண்டு கூட்டம் வேலை செய்யத் தொடங்குகிறது. ஒன்று, அதைத் தன் கணினியில் போடுகிற கூட்டம். மற்றது, பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘எந்த வரியை மாற்றியிருக்கிறார்கள்?’ என்று பார்க்கிற திருட்டுக் கூட்டம். மாறிய வரிதான் ஓட்டை இருந்த இடம். ஆக, அப்டேட் வந்த பிறகு போடாமல் இருப்பது, அப்டேட்டே வராமல் இருந்ததைவிட ஆபத்து! நேற்றுவரை சிலருக்குத் தெரிந்த ஓட்டை இன்று ஊருக்கே தெரிந்துவிட்டது. நீ மட்டும் ‘பிறகு’ என்று உட்கார்ந்திருக்கிறாய்.

இனி உனக்குப் பிடிக்காத பேச்சு. கிராக்.

விண்டோஸைக் கிராக் செய்கிறாய், போட்டோஷாப்பைக் கிராக் செய்கிறாய், விளையாட்டைக் கிராக் செய்கிறாய். ஏழைப் பிள்ளைக்கு வேறு என்ன வழி என்று கேட்கிறாய். கேள்வி நியாயம், ஆனால் கணக்கைப் பார். 2018-ல் தலைகாட்டியது ஸ்டாப் டிஜேவியு என்னும் மிரட்டல் வைரஸ். பெரிய நிறுவனங்களை அது தேடவில்லை. அதன் குறி வீட்டுக் கணினி. அதன் வாகனம் கிராக் கோப்புகளும், சாவி எண் உருவாக்கித் தரும் குட்டி நிரல்களும். 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலையாம், 490. தள்ளுபடி வேறு! நம் பணத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல். உள்ளே வரும்போது உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் கூட்டாளியையும் பல நேரம் கையோடு கூட்டி வரும். இலவசமாகக் கிடைத்ததன் விலை இது.

கிராக் கோப்போடு வரும் வழிமுறையை ஒரு நாளாவது நிதானமாகப் படித்திருக்கிறாயா? முதல் வரி என்ன? ‘டிஃபென்டரை அணைத்துவிட்டு ஓட்டவும்.’ ராத்திரி வருகிறேன், அதற்குள் நாயைக் கட்டிப்போட்டு வை என்று திருடன் கடிதம் எழுதுகிறான். நீ எழுந்து போய்க் கட்டிப்போடுகிறாய்! விண்டோஸ் 8 முதல் கணினியோடு காசில்லாமல் வருகிற காவல் அந்த டிஃபென்டர். அதை அணைக்கச் சொல்கிற எதையும் உன் கணினியில் ஓட்டாதே. வேறு எந்த விதியும் நினைவில் நிற்காவிட்டாலும் இது ஒன்று நிற்கட்டும்.

‘அப்போ நான் என்னதான் பண்றது?’ நிமிர்ந்து உட்கார், சொல்கிறேன். உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. பல வருடத்து மடிக்கணினிகளில் விண்டோஸ் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டு இயங்குதளம். எத்தனை வீட்டில் அதைத் திறந்து பார்த்தோம்? பெரும்பாலும் முதல் வேலையாக அழித்துவிட்டுக் கிராக் விண்டோஸ் போட்டோம். இப்போது விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஓர் ஆண்டு பாதுகாப்பு அப்டேட். விண்டோஸ் 11-ஐப் பழைய மடிக்கணினி ஏற்காது. புதிது வாங்கக் காசு இல்லை. கையைப் பிசைந்துகொண்டு நிற்பாயா? லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ மின்ட்டோ போடு. காசு இல்லை, கிராக் இல்லை, பழைய பெட்டியிலும் ஓடும், அப்டேட் அமெரிக்காக்காரனுக்கும் உனக்கும் ஒரே நாளில் வரும். லிப்ரேஆபிஸில் விண்ணப்பக் கடிதம் எழுதலாம், கிம்ப்பில் படம் திருத்தலாம். போட்டோஷாப்பில் பழகிய கைக்கு முதல் சில நாள் கிம்ப் எரிச்சலூட்டும், அதை மறைக்கப் போவதில்லை. கற்றுத்தர ஆள் இல்லை என்றும் சொல்லாதே. உன் பழைய மாவட்டத் தலைநகரான விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கற்றுத்தருகிறது. கணியம் தளத்தில் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறார்கள். 

லினக்ஸில் ஓட்டையே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2024 மார்ச்சில் லினக்ஸ் உலகத்தையே கவிழ்த்திருக்கக்கூடிய ஒரு கள்ளக்கதவு, எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருளில் ஒளிந்திருந்தது பிடிபட்டது. பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர். பாதுகாப்பு ஆய்வு அவர் தொழிலே இல்லை. உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று உறுத்தியது, துருவிப் பார்த்தார். அரை நொடி! உன் கணினி மூன்று மாதமாக ஐந்து நிமிடம் திணறித் திறக்கிறது, நீ டீ குடிக்கப் போய்விடுகிறாய்.

அடுத்தது பென்டிரைவ். ஜெராக்ஸ் கடையில் ஹால் டிக்கெட் அச்செடுத்துவிட்டு வீட்டில் வந்து சொருகினால் கோப்புகள் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிகின்றன. ஐயோ போச்சே என்று அங்கேயே பார்மட் அடிக்கிறாய். நில்! பெரும்பாலும் எதுவும் போகவில்லை. அந்த வைரஸ் உன் கோப்புகளை மறைத்துவைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்டை முன்னால் நிறுத்தியிருக்கிறது. நீ அதைச் சொடுக்கும்போதுதான் உன் கணினிக்குள் வருகிறது. சொடுக்காதே. டிஃபென்டரை விட்டுப் பென்டிரைவ் முழுவதையும் சோதிக்கச் சொல். மறைத்த கோப்புகளையும், பாதுகாக்கப்பட்ட கணினிக் கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றினால் உன் ஹால் டிக்கெட் பத்திரமாக எதிரே வந்து நிற்கும். வைரஸ் அழிக்காததை நீ பயத்தில் அழித்துக்கொண்டிருந்தாய், தங்கச்சி. இப்படி வீணாய்ப் போன படங்களுக்குக் கணக்கே இல்லை.

நம் தமிழ்நாட்டிலேயே நடந்த பெரிய சம்பவம் ஒன்று உண்டு. கூடங்குளம். 2019 அக்டோபரில் அணுமின் நிலையக் கணினிக்குள் வைரஸ் என்று செய்தி பரவியது. 29-ஆம் தேதி நிலையத்தின் அறிக்கை, அப்படி ஒரு தாக்குதலுக்கு வழியே இல்லை என்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. வைரஸ் இருந்தது உண்மை, நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே தெரிவித்திருந்தது. ஆய்வாளர்கள் அதை டிட்ராக் என்று அடையாளம் கண்டார்கள். ஆனால் மாட்டியது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த வலையமைப்பில் இருந்த ஒரு கணினி. முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்தது என்று கழகம் சொன்னது.

அந்தப் பிரிவினைதான் நீ கற்க வேண்டிய வித்தை. ஓட்டை எங்கும் வரலாம், அணு உலை வளாகத்திலேயே வந்தது. வந்தது பரவாமல் நிற்க வேண்டும். உன் கணினியில் இரண்டு கணக்கு வை. மென்பொருள் நிறுவும் அதிகாரம் உள்ள கணக்கு ஒன்று, அதை மாதத்தில் ஒரு தடவை தொட்டால் போதும். தினசரிப் படிப்பும் படமும் பாட்டும் அதிகாரமில்லாத சாதாரணக் கணக்கில். உன் வீட்டுத் தம்பி விளையாட்டுக்கென்று எதையோ இறக்கினாலும், அது கடவுச்சொல் கேட்டு நிற்கும். அந்த ஒரு கேள்வி பல வைரஸ்களுக்கு முட்டுக்கட்டை. அப்புறம், கல்யாணப் படம், சான்றிதழ், குறிப்புகள் எல்லாவற்றுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல். நகல் எடுத்ததும் வயரைப் பிடுங்கு! சொருகியே வைத்திருந்தால் மிரட்டல் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். இது பலர் தவறவிடும் இடம்.

ஏற்கெனவே மாட்டிவிட்டாயா? பணம் கட்டாதே. பூட்டிய கோப்புகளை அழிக்கவும் செய்யாதே. டச்சுக் காவல்துறையும் யூரோப்போலும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் பல வைரஸ்களுக்கு மாற்றுச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்டாப் டிஜேவியுவின் பழைய வகைகள் பலவற்றுக்கும் எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் விடுவிப்பு மென்பொருள் கொடுத்தது. இன்று இல்லாத சாவி அடுத்த வருடம் வரலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழை. வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரி முழுவதும் யோசிக்காதே, பணம் கணக்கு கணக்காகத் தாவுவதற்குள் மறிக்க வேண்டும்.

காவல் காக்கக் கற்றவன் வேட்டைக்கும் போகலாம். சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையாவைப் பார். இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல்லை மறந்தவருக்குக் கைப்பேசியில் ஆறு இலக்க எண் வரும், பத்து நிமிடத்துக்குச் செல்லும். ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் வாய்ப்புகள். ஒரே இணைய முகவரியிலிருந்து கொஞ்சம் முயன்றதும் இன்ஸ்டாகிராம் தடுத்துவிடும். அவர் யோசித்தார், ஆயிரம் முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பினால்? இரண்டு லட்சம் எண்களைத் தடையில்லாமல் அனுப்பிக் காட்டினார். ஐயாயிரம் முகவரிகள் இருந்தால் பத்து லட்சத்தையும் அனுப்பி எந்தக் கணக்கையும் திறந்துவிடலாம். அதைத் திருட்டுக்குப் பயன்படுத்தாமல் நிறுவனத்துக்கு எழுதினார். 2019 ஜூலையில் 30,000 டாலர் பரிசு. இதே பாணியில் மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் இருந்த ஓட்டையைக் காட்டியதற்கு 2021-ல் 50,000 டாலர். அதில் உள்ள கணக்கு பள்ளிக்கூடத்துப் பெருக்கல்தான்! உனக்குத் தெரியாத பெருக்கலா? ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்?’ என்று கேட்கும் துணிச்சல்தான் பாக்கி.

அந்தத் துணிச்சலுக்கு முதல் பயிற்சி இப்போதே இருக்கிறது. உன் கணினியில் கோப்புகளைச் சுருக்கி விரிக்கும் வின்ரார் இருக்கும். நாற்பது நாள் சோதனைக் காலம் முடிந்தும் வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருப்பாய், அதை நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று கவனி, விண்டோஸைப் போல வின்ரார் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது. 2019-ல் அதற்குள் 19 வருடமாக ஒளிந்திருந்த ஓர் ஓட்டை வெளிவந்தது. 2023-ல் இன்னொன்று. 2025 ஜூலையில் மற்றொன்றும் பிடிபட்டது. அதை 7.13 பதிப்பில் அடைத்தார்கள், அதற்குள் திருடர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். எழு! வின்ராரைத் திற, உதவிப் பட்டியலில் பதிப்பு எண்ணைப் பார். 7.13-க்குக் குறைவாக இருந்தால், வின்ராரின் சொந்தத் தளத்திலிருந்து புதியதை இறக்கு, பழையதன் மேலேயே நிறுவு. அப்படியே பக்கத்து வீட்டு மடிக்கணினியிலும் எண்ணைப் பார்த்துவிட்டு வா.